86 ஆட்டங்கள் போதுமா?

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை மாலை. இண்டியானாபொலிஸுக்குப் பக்கத்தில், கார்மலில் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து மேசையில் வைத்தாகிவிட்டது. மூன்று வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் வந்திருந்தது (எத்தனை முறை வாட்ஸப்பில் பட்டியல் போட்டாலும் இது நடந்தே தீருகிறது). பெரிய டிவியில் எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி கோல்ட்ஸ், சியாட்டிலில் ஆடிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) இடத்தில் ஃபிலிப் ரிவர்ஸ், வயது 44. ஐந்து வருடத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, அலபாமாவில் ஒரு உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். பத்துப் பிள்ளைகளுக்கு அப்பா, தாத்தாவும் ஆகிவிட்டார். முந்தைய வாரம் வழக்கமான குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் குதிகால் தசைநார் அறுந்ததும் கோல்ட்ஸ் கூப்பிட்டது, அவரும் கிளம்பி வந்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், அடுத்த ஹால் ஆஃப் ஃபேம் (இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான கௌரவ மண்டபம், உள்ளே போகிறவருக்கு ஒரு கோட்டும் ஒரு வெண்கலத் தலைச் சிலையும் உண்டு) தேர்வுக்கான அரையிறுதிப் பட்டியலில் ரிவர்ஸ் பெயர் இருந்தது. கடைசியாக ஆடி ஐந்து சீசன் கழிந்தால்தான் அந்தப் பட்டியலுக்கே வர முடியும். மறுபடி களத்தில் கால் வைத்தால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடும், இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். தெரிந்தேதான் வந்தார். பந்து வீசும்போது தோள் பழைய மாதிரி இல்லை, ஆனால் அதட்டல் பழைய அதட்டல்தான். கடைசி நிமிடத்தில் சியாட்டில் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 18-16 என்று ஜெயித்துவிட்டது. பேஸ்மென்ட்டில் யாருக்கும் வருத்தமில்லை, எல்லோருக்கும் கிழவர்மேல் ஒரே பாசம்.

அப்போது கோவில்பட்டிக்காரர் ஒருவர், எனக்கு நெருக்கமானவர்தான், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இவன் ஆம்பளங்க. அந்த லக்கும் இருந்தானே, 29 வயசுல நம்மள நட்டாத்துல விட்டுட்டு ஓடிப்போனான். இருந்திருந்தா இந்நேரம் ஹால் ஆஃப் ஃபேம்ல கோட்டு போட்டு உக்காந்திருப்பான்." லக் என்றால் ஆண்ட்ரூ லக், 2019 வரை கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். வழக்கமாக முதலில் ஆட்டும் தலை என்னுடையது. இந்த வாக்கியத்தை, வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே, ஆறு வருடமாக நானே சொல்லிவந்திருக்கிறேன். அலுவலகத்தில், முடிதிருத்தும் கடையில், ஊரிலிருந்து வந்த மச்சானிடம். அன்றைக்கு ஏனோ தலை ஆடவில்லை. மாடிப்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்த என் பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு இப்போது 15 வயது. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை

2019 ஆகஸ்ட் 24. சீசன் தொடங்கும் முன் ஒப்புக்கு ஆடும் ஆட்டம், சிகாகோ பேர்ஸுடன். இந்த ஆட்டங்களுக்கு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவர்கள் பலரே போக மாட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் இரண்டு டிக்கெட்டை என் மேசையில் வைத்துவிட்டு, பையனைக் கூட்டிப் போ என்றார். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. லக்கின் 12 எண் போட்ட நீல ஜெர்சி அவன் பிறந்தநாளுக்கு வாங்கியது. வளர்கிற பிள்ளை என்று நம் ஊர் வழக்கப்படி ஒரு சைஸ் பெரிதாக வாங்கியிருந்தோம், கை முழங்கைக்குக் கீழே தொங்கும். லூகாஸ் ஆயில் மைதானத்துக்குள் அவன் நுழைவது அதுதான் முதல் தடவை. ஆட்டத்தைவிட மேற்கூரையைத்தான் அதிகம் பார்த்தான்.

லக் அன்றைக்கு ஆடவில்லை. கோடை முழுக்கக் கெண்டைக்காலில் வலி என்றார்கள், பிறகு கணுக்கால் என்றார்கள். டி-ஷர்ட், ஷார்ட்ஸோடு ஓரத்தில் நின்று மற்ற ஆட்டக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பையனுக்கு விரல் நீட்டிக் காட்டினேன். நாலாவது குவார்ட்டரில், எங்களுக்கு இரண்டு வரிசை கீழே இருந்தவர் போனைப் பார்த்தார், பக்கத்து ஆளிடம் காட்டினார். அப்புறம் அந்த வரிசை முழுக்கக் குனிந்தது, அடுத்த வரிசை குனிந்தது. நெல் வயலில் காற்று அடிக்கும்போது தெரியுமே, அந்த மாதிரி ஓர் அசைவு மைதானத்தைச் சுற்றிப் போனது. ஈஎஸ்பிஎன்னின் ஆடம் ஷெஃப்டர் ட்விட்டரில் போட்டுவிட்டார், ஆண்ட்ரூ லக் ஓய்வு பெறப்போகிறார் என்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முறையாக அறிவிப்பதாக இருந்ததாம். அந்த மனிதரோ இன்னும் எங்கள் கண் முன்னால் ஓரத்தில் நிற்கிறார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்து அவர் உள்ளே போகும் வழியை நோக்கி நடந்தபோது ஊளை தொடங்கியது. இங்கே அதற்கு ஒரு ராகம் உண்டு, அடிவயிற்றிலிருந்து 'பூ' என்று இழுப்பார்கள். முதலில் ஒரு மூலையில் கேட்டது, அப்புறம் எங்கள் பக்கத்துக்கு வந்தது. நானும் எழுந்து நின்று இழுத்தேன். இதை முதல் தடவையாக எழுதுகிறேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எந்த ஆட்டத்திலும் யாரையும் அப்படிக் கத்தியதில்லை. நடுவரைக்கூட வாய்க்குள்தான் திட்டுவேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு சுகம், அதை மறைத்துப் பயனில்லை. பையன் என் சட்டையை இழுத்தான். "ஏம்ப்பா, அவர் என்ன பண்ணாரு?" என்றான். "நம்மள விட்டுட்டுப் போறாருடா" என்றேன்.

அன்று இரவே அவர் பத்திரிகையாளர்கள் முன் வந்தார். நாங்கள் வண்டியில் ரேடியோவில் கேட்டோம். நாலு வருடமாகக் காயம், வலி, அதிலிருந்து தேறும் பயிற்சி, மறுபடி காயம் என்று ஒரு செக்கில் சுற்றிக்கொண்டிருப்பதாகவும், ஆட்டத்தின் மேல் இருந்த சந்தோஷத்தையே அது எடுத்துக்கொண்டுவிட்டது என்றும் சொன்னார். குரல் உடைந்தது. கூட்டம் ஊளையிட்டது காதில் விழுந்ததா என்று கேட்டார்கள். விழவில்லை என்றால் பொய், வலித்தது என்றார். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன். மனைவியிடம் வீட்டுக்கு வந்து சொன்னது, "நாடகம் போடுறான்."

என்ன வலி என்று நாங்கள் கேட்டதே இல்லை. விலா எலும்புக் குருத்தெலும்பு கிழிந்தது, வயிற்றுத் தசை பாதி கிழிந்தது, சிறுநீரகம் கிழிந்து சிறுநீரில் ரத்தம் போனது, தலையில் அடிபட்டு ஒரு முறையாவது கன்கஷன், பந்து வீசும் தோளில் லேப்ரம் (மூட்டைச் சுற்றிய குருத்தெலும்பு) கிழிந்தது. கடைசியில் இந்தக் கெண்டைக்கால். இதெல்லாம் ஆறு சீசனில். சிறுநீரகம் கிழிந்த ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். 2015 நவம்பர், டென்வருடன், எதிரே எங்கள் பழைய குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங். 27-24 என்று ஜெயித்தோம். நாலாவது குவார்ட்டரில் அடி வாங்கி, அப்படியே ஆடி முடித்திருக்கிறார். நான் அன்று இரவு ஊருக்குப் போன் போட்டு, ஃபுட்பாலில் ஆர்வமே இல்லாத தம்பியிடம் அரை மணி நேரம் அந்த ஆட்டத்தைச் சொன்னேன். "கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு எதுக்குடா ஃபுட்பால்னு பேரு" என்றுதான் அவன் கேட்டான். தன்னைத் தரையில் சாய்த்த எதிராளியிடமே "நல்ல அடி" என்று லக் பாராட்டுவார், எதிரணிக்காரர்கள் குழம்பிப்போவார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அடி என்பது பாராட்டுவதற்கும் சிரிப்பதற்குமான பொருள் என்றுதான் இருந்தது.

எக்செல்லில் ஒரு கணக்கு

பேஸ்மென்ட்டிலிருந்து வந்த இரவு தூக்கம் வரவில்லை. நம் ஆட்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் என்ன செய்வோம், எக்செல் திறப்போம். "இருந்திருந்தால் ஹால் ஆஃப் ஃபேம்" என்கிற பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, சீக்கிரம் போனவர்களின் பெயரை ஒரு பக்கமும் ஆடிய ஆட்டங்களை இன்னொரு பக்கமும் போட்டேன்.

கேல் சேயர்ஸ் 68. டெரல் டேவிஸ் 78. ஆண்ட்ரூ லக் 86. டோனி போசெல்லி 91. ஸ்டெர்லிங் ஷார்ப் 112, பேட்ரிக் வில்லிஸும் அதே 112. ஜிம் பிரவுன் 118, லூக் கீக்லியும் அதே 118. கால்வின் ஜான்சன் 135. பேரி சாண்டர்ஸ் 153.

முதலில் கண்ணில் பட்டது, எண்ணிக்கை தடையே இல்லை. லக்கைவிடக் குறைவாக ஆடிய இரண்டு பேரின் வெண்கலத் தலை, ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் ஓஹையோவின் கேன்டனில் இருக்கிறது. சேயர்ஸ் முழங்கால் போய் நின்றவர், 1977-ல் 34 வயதிலேயே உள்ளே போய்விட்டார், இன்றுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் போனதில்லை. ஆக "இன்னும் நாலு வருடம் ஆடியிருந்தால்" என்ற என் பழைய வாதத்தில் பாதி அங்கேயே விழுந்தது.

அடுத்து எந்த வருடம் உள்ளே போனார்கள் என்று மூன்றாவது பத்தி போட்டேன். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். தானாக, நடக்கத் தெம்பிருக்கும்போதே எழுந்து போனவர்கள் பெரும்பாலும் முதல் வாய்ப்பிலேயே உள்ளே. ஜிம் பிரவுன் 1966-ல் இங்கிலாந்தில் ஒரு படப்பிடிப்பில் இருந்தபடியே போதும் என்றார், வயது 30. ஒன்பது சீசனில் எட்டு முறை பந்தோடு ஓடிய தூரத்தில் என்எஃப்எல் லீக்கிலேயே முதலிடம், ஓர் ஆட்டம்கூடத் தவறவிட்டதில்லை. கிளீவ்லாண்ட் முதலாளி ஆர்ட் மாடல் பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று மிரட்டிப் பார்த்தார். 1971-ல் ஹால் ஆஃப் ஃபேம். சாண்டர்ஸ் 1999 ஜூலையில், முகாம் தொடங்கும் நேரத்தில், தன் சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு லண்டனில் இருந்தார். வால்டர் பேட்டனின் மொத்த ஓட்டத் தூரச் சாதனையைத் தாண்ட 1,457 யார்டு பாக்கி. அவர் ஓடும் வேகத்துக்கு ஒரு சீசன் வேலை. கொடுத்த போனஸில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடு என்று டெட்ராய்ட் அணி கேட்டு வாங்கியது. 2004-ல் ஹால் ஆஃப் ஃபேம், முதல் வாய்ப்பிலேயே. அதே டெட்ராய்ட்டில் கால்வின் ஜான்சன், 2016 மார்ச், வயது 30, அவரிடமும் போனஸைத் திருப்பி வாங்கினார்கள் (இந்த ஒரு விஷயத்தில் லயன்ஸ் நிர்வாகம் நம்ம ஊர்க் கூட்டுறவு சங்கம் மாதிரி). 2021-ல் ஹால் ஆஃப் ஃபேம், முதல் வாய்ப்பு.

உடம்பு ஒத்துழைக்காமல் நின்றவர்களைப் பாருங்கள். டெரல் டேவிஸ் 1998-ல் 2,008 யார்டு ஓடியவர், இரண்டு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப்போட்டி) வெற்றி, ஒன்றில் ஆட்டநாயகன். அடுத்த வருடம் முழங்கால். அவர் 2017 வரை காத்திருந்தார். போசெல்லி 2022 வரை. ஸ்டெர்லிங் ஷார்ப் கதை இன்னும் மோசம். கிரீன் பேயில் ஏழு சீசன், ஓர் ஆட்டம் தவறவில்லை, 1992-ல் பிடித்த பந்துகள், யார்டுகள், டச்டவுன்கள் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுப்பவை) மூன்றிலும் லீக்கில் முதலிடம். 1994-ல் 18 டச்டவுன் பிடித்தார். அந்த சீசனோடு கழுத்து போய்விட்டது, 29 வயது. அவர் தம்பி ஷேனன் 2011-ல் உள்ளே போனபோது, நான் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறேன், ஆனால் எங்கள் வீட்டில் நான் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரன்தான் என்று மேடையிலேயே சொன்னார். தன் முதல் சூப்பர் பவுல் மோதிரத்தையும் அண்ணனிடம் கொடுத்திருந்தார். அண்ணன் பெயரைக் கூப்பிட 2025 ஆகிவிட்டது. முப்பது வருடம். அந்த ஆண்டு மொத்தமே நாலு பேரைத்தான் எடுத்தார்கள், அதில் ஷார்ப் மூத்தோர் பிரிவில் வந்தவர்.

என்ன விசித்திரம் பாருங்கள். கோபப்பட வேண்டுமென்றால் விட்டுப்போனவன்மேல்தானே ஹால் ஆஃப் ஃபேம் வாக்காளர்கள் கோபப்பட வேண்டும், இரக்கம் அடிபட்டவனுக்குத்தானே? நடந்தது தலைகீழ். கொஞ்சம் யோசித்தால் காரணம் எளிது. எழுந்து போகும் துணிச்சல் யாருக்கு வரும், ஏற்கெனவே களஞ்சியம் நிரம்பியவனுக்கு. பிரவுனும் சாண்டர்ஸும் போகும்போது அவர்கள் செய்து முடித்த வேலையே போதுமானதாக இருந்தது. டேவிஸுக்கும் ஷார்ப்புக்கும் பாதி அறுவடையில் மழை வந்துவிட்டது. அந்தப் பாதியை எப்படி அளப்பது என்று வாக்காளர்கள் பல வருடம் முழித்துக்கொண்டிருந்தார்கள்.

லக் இந்த இரண்டு பத்தியிலும் சரியாக உட்கார மாட்டேன் என்கிறார். நானே போகிறேன் என்று சொன்னார், ஆனால் அதற்கு முன்பே உடம்பு பாதி முடிவை எடுத்திருந்தது. செய்த வேலையைப் பார்த்தால் 23,671 யார்டு, 171 டச்டவுன், நாலு முறை புரோ பவுல் (சீசனின் நட்சத்திரங்களுக்கான ஆட்டம்). 2014-ல் 40 டச்டவுனோடு லீக்கில் முதலிடம். தோள் அறுவை சிகிச்சையால் 2017 முழுக்க ஆடவில்லை. சிகிச்சைக்காக நெதர்லாந்து வரை போய்வந்தார். 2018-ல் திரும்பி வந்து, 1-5 (ஒரு வெற்றி, ஐந்து தோல்வி) என்று தொடங்கிய அணியை 10-6-க்குக் கொண்டுபோனார். 2014 ஜனவரியில் கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 38-10 என்று பின்தங்கி, கடைசியில் 45-44 என்று ஜெயித்த ஆட்டத்தை இந்த ஊரில் கல்யாண வீட்டில்கூடப் பேசுவார்கள். ஆனால் எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) இல்லை, ஆல்-புரோ (அந்தந்த இடத்தில் லீக்கின் சிறந்தவர்கள் பட்டியல்) முதல் அணியில் ஒருமுறையும் இல்லை, சூப்பர் பவுல் பக்கமே போகவில்லை. அதற்கு ஒரு படி முன்னால் நியூ இங்கிலாந்திடம் 45-7 என்று நொறுங்கினோம். பந்தில் காற்று குறைவாக இருந்தது என்று வழக்கு நடந்ததே அந்த ஆட்டம்தான். காற்று முழுசாக இருந்திருந்தாலும் தோற்றிருப்போம்.

எனக்கு ஓட்டு இருந்தால் லக்குக்குப் போட மாட்டேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் போட மாட்டேன். சீக்கிரம் போனதற்காக இல்லை. கேன்டனில் அளப்பது நடந்ததை. லக்குக்காக நாம் வாதாடும்போது நடக்காத ஆட்டங்களையெல்லாம் சேர்த்து எடை போடுகிறோம். லூக் கீக்லிக்கு என்றால் யோசிக்காமல் போட்டிருப்பேன். எட்டே சீசன், ஏழு புரோ பவுல், ஐந்து முறை ஆல்-புரோ முதல் அணி, 2013-ல் லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். 2025-ல் முதல் முறை அவர் பெயர் வந்தபோது இறுதிச் சுற்று வரை போய் நின்றது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வில்லிஸும் இப்படித்தான், கால் கட்டைவிரல் போய் 30 வயதில் நின்றவர், 2024-ல்தான் கூப்பிட்டார்கள்.

கீக்லிக்கு யாரும் ஊளையிடவில்லை

அந்த இரவு மூன்று மணிக்கு மேல் என்னைப் பிடித்துக்கொண்டது இந்தக் கீக்லிதான். லக் போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2020 ஜனவரியில் அவரும் போனார். வயது 28, லக்கைவிட ஒரு வயது குறைவு. அவர் அணியின் ஊரான சார்லட்டில் யாரும் ஜெர்சியை எரிக்கவில்லை. எல்லோரும் நன்றி சொன்னார்கள். இண்டியானாபொலிஸில் உட்கார்ந்து நானும் "பாவம், நல்ல முடிவு" என்று சொன்னதாக ஞாபகம். ஒரே காரியம், ஒருவனுக்கு ஊளை, இன்னொருவனுக்கு "பாவம்".

ஒரு காரணம் நேரம். ஜனவரியிலோ மார்ச்சிலோ போனால் அணி வேறு ஆளைத் தேட அவகாசம் இருக்கிறது. ஜான்சன், வில்லிஸ், கீக்லி எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பிரவுன் ஜூலையில், சாண்டர்ஸ் ஜூலையில், லக் ஆகஸ்டில். திட்டு வாங்கியவர்கள் இந்த மூவர்தான். சமையல்காரர் கல்யாணத்துக்கு முந்தின நாள் வேலையை விட்டால் வரும் கோபம். அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. பிரிசெட், ரிவர்ஸ், வென்ட்ஸ், மேட் ரயன், ரிச்சர்ட்சன், ஜோன்ஸ் என்று இந்த ஊர் அதற்கப்புறம் குவார்ட்டர்பேக் தேடி அலைந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எரிச்சல் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. 2016-ல் ஒரு வியாழக்கிழமை இரவு ஆட்டத்தில் தலையில் அடிபட்ட கீக்லியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்த ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் மூச்சு வாங்க அழுததை நாடே டிவியில் பார்த்தது. நானும் பார்த்தேன், என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ" என்றாள். லக்கின் காயங்களை நாங்கள் பார்க்கவில்லை. சிறுநீரகம் உள்ளே, குருத்தெலும்பு உள்ளே, தோள்பட்டைக்குள் லேப்ரம். எழுந்து நின்று எதிராளியைப் பாராட்டிய முகம்தான் எங்களுக்குத் தெரிந்தது. சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் வலிக்கிறது என்றால் நடிக்கிறான் என்று தோன்றியது எனக்கு.

எதற்காக இன்னும் கொஞ்சம் நில் என்று கேட்டோம் என்று யோசித்தால், நின்றவர்களும் அதே கேன்டனில் இருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர் 17 சீசன் நின்றார், 1997-ல் ஹால் ஆஃப் ஃபேம், 2002-ல் 50 வயதில் செத்தார். அவர் மூளையை அறுத்துப் பார்த்துத்தான் பெனட் ஒமாலு என்ற மருத்துவர் சிடிஇ (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய்) என்று இன்று எல்லோருக்கும் தெரிந்த அந்த நோயை முதன்முதலில் ஒரு என்எஃப்எல் ஆட்டக்காரரிடம் கண்டுபிடித்தார். ஜூனியர் செயாவ் 20 சீசன். 2012-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்கும் அதே நோய் இருந்தது பிறகு தெரிந்தது. 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம், முதல் வாய்ப்பு. மகள் எழுதி வைத்திருந்த உரையை அந்த மேடையில் நிகழ்த்த முடியவில்லை. இறந்தபின் சேர்க்கப்படுவோருக்காகக் குடும்பத்தார் உரையாற்றும் வழக்கம் இல்லை என்றார்கள். அதே 2015-ல்தான் கிறிஸ் போர்லாண்ட் என்ற 24 வயதுப் பையன் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு, தலைக்கு ஆகாது என்று சொல்லி நடையைக் கட்டினான். ஹால் ஆஃப் ஃபேம் பேச்சில் போர்லாண்ட் பெயர் ஒருநாளும் வராது. அவனைப் பற்றி அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

லக் மறுபடி ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். 2024 நவம்பரிலிருந்து அங்கேயே ஃபுட்பால் அணிக்கு ஜெனரல் மேனேஜர். கோல்ட்ஸ் அவரிடம் போனஸைத் திருப்பிக் கேட்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக்கு அவர் பெயர் தகுதி பெற்றே சில வருடம் ஆகிறது, இறுதிச் சுற்றுப் பக்கம் போகவில்லை. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கிற மாதிரி தெரியவில்லை, வருத்தம் எங்களுக்குத்தான். எங்கள் ஊர் ஆள் ஒருவன் கோட்டு போடுவதைப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது என்கிற வருத்தம்.

இதையெல்லாம் பையனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவன் நடுநிலைப் பள்ளியில் ஃபிளாக் ஃபுட்பால் (மோதிச் சாய்க்காமல், இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கும் வகை) ஆடியவன், உயர்நிலைப் பள்ளியில் நிஜ ஆட்டத்தில் சேர வேண்டும் என்று கேட்டு, அவன் அம்மா முடியாது என்று சொல்லி, வீட்டில் இரண்டு வருடமாக ஒரு பனிப்போர் நடக்கிறது. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன். மறுநாள் இரவு பயிற்சி வகுப்பிலிருந்து அவனை அழைத்து வரும்போது, 116-ஆம் தெரு சிக்னலில், ரொம்ப யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "உனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது லக் ரிட்டயர் ஆன மேட்ச்சுக்குப் போனோமே. நீ ஏன் கத்துறீங்கன்னு கேட்டே. நான் கத்துனது தப்புடா."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "நீங்க கத்துனீங்களா? எனக்கு ஞாபகமே இல்லப்பா."

ஆறு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்தது அவனிடம் இல்லவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்தது. அப்புறம் அவனே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வெளிய வந்தப்புறம், யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னு, என் ஜெர்சிய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போடச் சொன்னீங்க. அதான் ஞாபகம் இருக்கு."

நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். பார்க்கிங் நோக்கி நடக்கும்போது முன்னால் ஒருவர் தன் ஜெர்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டது மட்டும் மங்கலாக வருகிறது. அதற்குப் பக்கத்தில் என் பையன் எப்படி நடந்தான் என்பது வரவில்லை.

"நம்பர் 12 உள்ள போயிடுச்சு," என்றான். "அந்தத் தையல் கழுத்துல குத்திக்கிட்டே இருந்துது, கார் வரைக்கும்."